செம்பில் களிம்பு: கடலோர வீட்டுக்குப் பழைய ஸ்பீக்கர் ஒயரா, புது ஹை-எண்ட் கேபிளா?

கேள்வி இது. கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. அப்பா 1980களில் வாங்கிய ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், 8 ஓம் ஸ்பீக்கர் ஜோடி. ஹாலின் சுவரோரமாக 10 மீட்டர் ஓடும் ஸ்பீக்கர் ஒயர் அன்றைக்குப் போட்ட 23/76. புதுச்சேரியில் ஒரு கடையில் கேட்டால், "இந்தக் காலத்து ஹை-எண்ட் கேபிள் போடுங்க சார், பாடகர் எதிர்ல உட்கார்ந்து பாடுற மாதிரி இருக்கும்" என்று சொல்லி, ஆம்ப்பின் விலையைத் தாண்டி ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். மாற்றினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

ஒயரை மாற்றுங்கள். அந்தக் கேபிளுக்கு அல்ல. உங்கள் ஒயரின் குறை அதன் வயது இல்லை. 10 மீட்டர் ஓட்டத்துக்கு அது ஒல்லி, அதன் முனைகளோடு உப்புக்காற்று நாற்பது வருடமாக விளையாடியிருக்கிறது. இரண்டையும் சரிசெய்ய எலக்ட்ரிக்கல் கடைச் சாமான் போதும்.

முதலில் செம்பு. மின்கடத்தலில் செம்பின் தரத்தை அளக்க 1913-ல் ஓர் உலக அளவுகோல் வைத்தார்கள். அன்றைய நல்ல செம்பு 100 விழுக்காடு. இன்று ஒயர் தொழிற்சாலைக்குப் போகும் சாதாரணச் செம்பு சுமார் 101-ஐத் தொடுகிறது. நூறு வருட முன்னேற்றம் அவ்வளவுதான். அட்டையில் பெரிதாக அச்சடிக்கும் ஓஎஃப்சி, அதாவது ஆக்சிஜன் நீக்கிய செம்பு, 99.95 விழுக்காடு தூய்மை; சாதாரண மின்செம்பு 99.90. கடத்துதிறனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆக்சிஜனை நீக்குவதற்கு வேறு நியாயமான காரணம் உண்டு: அதிக வெப்பத்தில் ஹைட்ரஜன் பட்டால் சாதாரணச் செம்பு நொறுங்கும், ஓஎஃப்சி தாங்கும். உங்கள் ஹாலில் அந்த உலை எரியப்போவதில்லை. வெள்ளி செம்பைவிட 6 விழுக்காடு அளவுக்கு நன்றாகக் கடத்தும். ஒயரை 6 விழுக்காடு தடிமனாக வாங்கினால் அதே பலன்.

அப்படியானால் எது காதுக்குத் தெரியும்? மின்சாரத்தை ஒயர் எவ்வளவு எதிர்க்கிறது என்று ஓமில் சொல்லும் அளவு, அதாவது தடை. 23/76 என்பதில் 23 என்பது இழைகளின் எண்ணிக்கை, 76 என்பது ஒவ்வொரு இழையின் விட்டம், 0.0076 அங்குலம். கணக்குப் போட்டால் 0.67 சதுர மில்லிமீட்டர். மீட்டருக்கு 25.6 மில்லி ஓம். 10 மீட்டர் போய் 10 மீட்டர் திரும்பினால் 0.51 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம் என்று பின்னால் எழுதியிருந்தாலும் அது எல்லாச் சுருதிக்கும் 8 ஆக நிற்பதில்லை; ஓரிடத்தில் 6-க்கு இறங்கும், பேஸ் அதிர்வெண்ணிலோ, பேஸ் யூனிட்டுக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவர் பக்கத்திலோ 30-க்கு ஏறும். 0.51 ஓம் ஒயரில் 6 ஓம் இடத்தில் ஒலி அளவில் 0.71 டெசிபெல் போகிறது, 30 ஓம் இடத்தில் 0.15 மட்டும். ஆக, ஒலி மொத்தமாகக் குறைவது மட்டும் இல்லை; சில சுருதிகள் மற்றவற்றைவிட அரை டெசிபெல்லுக்கு மேல் தூக்கலாகின்றன. கவனித்துக் கேட்பவருக்கு இது தெரியக்கூடிய அளவு. "கேபிள் மாத்தினதும் பேஸ் இறுகிச்சு" என்று சிலர் சொல்வது கற்பனை என்று தள்ளவேண்டியதில்லை; ஒல்லி ஒயரிலிருந்து தடித்த ஒயருக்குப் போனவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. பெருமை தடிமனுக்குச் சேரவேண்டியது. பிராண்டுக்குப் போய்ச் சேருகிறது.

அதே 10 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் மொத்தத் தடை 0.16 ஓம். 6 ஓம் இடத்துக்கும் 30 ஓம் இடத்துக்கும் வித்தியாசம் 0.18 டெசிபெல்லாகச் சுருங்கிவிடும். நடைமுறை விதி: போகவர மொத்தத் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 ஸ்கொயர் 10 மீட்டர் வரை தாங்கும், 1.5 ஸ்கொயர் 15 மீட்டர், 2.5 ஸ்கொயர் 25 மீட்டர். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் எல்லாத் தூரமும் பாதி. உங்கள் 23/76 எட்டு மீட்டருக்குள் முடிந்திருந்தால் தடையைக் காரணம் காட்டி மாற்றச் சொல்லமாட்டேன்.

இதைச் சோதித்தவர்களும் உண்டு. 1970களின் இறுதியில் மான்ஸ்டர் கேபிள் அமெரிக்காவில் தடித்த ஸ்பீக்கர் ஒயரைத் தனிச் சரக்காக விற்கத் தொடங்கியபின், 1983 ஆகஸ்டில் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை 11 பேரை உட்காரவைத்து மூன்று ஒயர்களை மறைத்துக் கேட்கவைத்தது: மான்ஸ்டர், மேசை விளக்குக்குப் போடும் 16 கேஜ் ஒயர், மிக ஒல்லியான 24 கேஜ். பிங்க் நாய்ஸ் என்னும் இரைச்சலை ஓடவிட்டபோது 24 கேஜ் மாட்டிக்கொண்டது. இசையைப் போட்டபோது மான்ஸ்டரையும் 16 கேஜையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 16 கேஜ் என்பது நம் கணக்கில் 1.3 ஸ்கொயர்.

"ஸ்கின் எஃபெக்ட்" என்று கடையில் படம் போட்டுக் காட்டுவார்கள்: உயர் அதிர்வெண்ணில் மின்சாரம் ஒயரின் தோலில் மட்டும் ஓடும், அதற்காகத்தான் இந்த விசேஷப் பின்னல் என்று. இயற்பியல் சரி, அளவு தவறு. 20 கிலோஹெர்ட்ஸில் செம்பில் அந்த ஆழம் 0.47 மில்லிமீட்டர்; 2.5 ஸ்கொயர் ஒயரின் ஆரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வீட்டு நீளத்தில் இதன் விளைவு ஒரு டெசிபெல்லில் நூறில் சில பங்கு. ரேடியோ டிரான்ஸ்மிட்டர் கட்டுபவர் கவலைப்படட்டும்.

சரி, பழைய ஒயர் அப்படியே நல்லதா என்றால், அதுவும் இல்லை. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். கூடவே பிறந்தது, தேய்த்தாலும் திரும்ப வருவது. தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் உள்ள வீதிகளிலும் அது பாடம் அல்ல, அன்றாடம். காற்றில் வரும் உப்புத்தூள் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பாகும். ஒயரை ஒரு முனையில் உரித்துப் பாருங்கள். முதல் ஓரிரு செ.மீ. பச்சை. இன்னும் உள்ளே போனால் பச்சை மறைந்து கறுப்பு, அதற்கும் உள்ளே மங்கிய பழுப்பு, எங்கோ ஓரிடத்தில் புதுப்பைசா நிறம். விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல இழைகளுக்கு நடுவே ஈரம் ஏறியதன் தடம் அது.

களிம்பு ஒயரின் நடுவில் இருந்தால் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. இழை அறுந்து மெலியாத வரை தடை மாறாது. டெர்மினலில் இழையும் திருகும் தொடும் இடத்தில் இருந்தால்தான் வம்பு. அங்கே தடை நிலையாக இருக்காது. ஒரு பக்க ஸ்பீக்கர் சில நாள் மெலிந்து ஒலிக்கும், வால்யூமைத் தூக்கினால் திடீரென்று தெளியும், ஒயரை ஆட்டினால் கரகரக்கும். புதுக் கேபிள் போட்டதும் "உயிர் வந்துடுச்சு" என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்: மாற்றும்போது திருகைக் கழற்றி இறுக்கியதில் தொடுமுனை சுத்தமாகிவிட்டது. பழைய ஒயரையே வெட்டி உரித்துப் போட்டிருந்தாலும் அந்த உயிர் வந்திருக்கும்.

இங்கே புதுமை பின்வாங்கிய இடம் ஒன்று உண்டு. கண்ணாடிபோலப் பளபளக்கும் பிவிசிக்குள் செம்பு தெரிகிற ஸ்பீக்கர் ஒயர் பார்க்க அழகு. கடலோரத்தில் அது சில வருடத்திலேயே நீளத்துக்கும் பச்சையாகிப் போவதுண்டு. பிவிசியை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ச் சேர்மமும் செம்பும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. பழைய ரப்பர் உறை ஒயர்களில் இழைக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள், ரப்பரிலுள்ள கந்தகம் செம்பைத் தின்னாமல் இருக்க. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற அதே தத்துவம். அந்தப் பூச்சு உப்புக்காற்றையும் தடுக்கும். ஆகவே பழைய வானொலிப் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளை நிற இழை ஒயர் ஒன்று உங்களிடம் இருந்தால், வெளியுறை வெடிக்காமல் இருந்தால், கடலோர வீட்டில் அது புது ஓஎஃப்சியைவிட நீண்ட நாள் நிற்கும். இன்றும் படகு ஒயரிங்குக்கு விற்பது ஈயம் பூசிய செம்புதான். கிடைத்தால் அதை வாங்குங்கள். ஸ்பீக்கருக்கென்று எழுதியிருக்கத் தேவையில்லை.

புதிய ஒயரின் இன்னொரு வினை சிசிஏ: அலுமினியத்தின்மேல் மெல்லியதாகச் செம்பு பூசியது. அட்டையில் "ஸ்பீக்கர் கேபிள் 2.5" என்று மட்டும் இருக்கும், செம்பு என்ற சொல் இருக்காது. தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், 2.5 ஸ்கொயர் என்று காசு கொடுத்து 1.6 ஸ்கொயர் செம்பை வாங்கியதற்குச் சமம். வெட்டிய முனையில் பூச்சு அறுந்து அலுமினியம் தெரியும்; உப்பும் ஈரமும் இருக்கும் இடத்தில் இரண்டு உலோகம் ஒட்டி நின்றால் அலுமினியம் கரையும், வெள்ளைப் பொடியாகும். நம் ஊருக்கு இதைவிட மோசமான ஒயர் கிடையாது. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, அலுமினியமும் ஒட்டாது. ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் சிசிஏ. வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் ஈயம் பூசியது, நல்லது. இன்னும் உறுதி வேண்டுமானால் ஒரு கம்பியை ஒரு மீட்டர் வெட்டி, உறையை முழுக்க உரித்து, நகைக்கடைத் தராசில் வையுங்கள். 2.5 ஸ்கொயர் செம்பு 22 கிராம் நிற்கும். 10 கிராமுக்குக் கீழே என்றால் கடைக்காரரிடம் திரும்பிப் போகலாம்.

உங்களுக்கு வேண்டியது: ஐஎஸ் 694 முத்திரையுள்ள 2.5 ஸ்கொயர் இருகம்பி செம்பு ஃப்ளெக்சிபிள் ஒயர், வெளியுறை ஒளிபுகாதது. ஸ்பீக்கருக்கு 10 மீட்டர் வீதம் 20 மீட்டர். ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் கூடுதலாக வாங்கிச் சுருட்டி விடுங்கள், பின்னாளில் முனையை வெட்டி உரிக்க இடம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்று அடித்துச் சொல்வார்கள். ஒயர் தடிமனாக இருந்தால் ஒரு பக்கம் 4 மீட்டர், மறுபக்கம் 10 மீட்டர் இருப்பதில் கெடுதல் இல்லை.

முனை வேலைதான் முக்கியம், இதில் அவசரம் கூடாது. உறையை 12 மி.மீ. மட்டும் உரியுங்கள், இழை ஒன்றுகூட அறுபடக்கூடாது. திருகு டெர்மினலுக்குப் போகும் முனையில் சால்டர் ஏற்றாதீர்கள். சால்டர் ஈயம் மிருதுவானது, திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும். ஆறு மாதத்தில் இறுக்கம் போய்விடும். 2.5 ஸ்கொயருக்குரிய ஈயம் பூசிய செம்பு லக்கை (ஒயர் முனைக்கு மாட்டும் உலோகத் துண்டு) மாட்டி, கிரிம்பிங் கருவியால் அமுக்குங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் அல்ல. அதன்மேல், சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் 3 செ.மீ., லக்கின் கழுத்தையும் உறையையும் சேர்த்து மூடும்படி. சூடாக்கும்போது ஓரத்தில் பசை லேசாகப் பிதுங்கி வரவேண்டும். வந்தால் ஈரம் ஏறும் வழி அடைபட்டது என்று அர்த்தம். டெர்மினலை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, லக்கை இறுக்கி, அதன்பிறகு வெளிப்பக்கமாக வாசலின் ஒரு மெல்லிய பூச்சு. இறுக்குவதற்கு முன்பு பூசாதீர்கள்.

செய்யக்கூடாதவை சில. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல ஒயர் முனையைப் புளியிலோ எலுமிச்சையிலோ தேய்க்காதீர்கள். குடத்தைக் கழுவிவிடலாம், இழைகளுக்கு நடுவே போன புளிப்பைக் கழுவ முடியாது. சால்டர் செய்யவேண்டிய ஆர்சிஏ பிளக்குக்கு (ஆம்ப்பின் பின்னால் சொருகும் ஆடியோ பிளக்) குங்கிலிய ஃப்ளக்ஸ் உள்ள 60/40 ஈயக்கம்பி போதும். டப்பாவில் வரும் பேஸ்ட்டைப் பூசினால் மிச்சத்தை ஆல்கஹாலால் துடைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அந்த இடம்தான் முதலில் பச்சையாகும். ஈரத்தை அடைக்க சிலிகோன் பூசுவதானால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அதிலிருந்து வெளிவரும் அமிலம் செம்பை அரிக்கும்.

பிளக் வாங்கும்போது தங்கமுலாம் வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கவேண்டியதில்லை, தங்கம் களிம்பேறாது. ஆனால் கண்ணுக்குத் தங்கமாகத் தெரிவதற்கு மட்டும் மெல்லியதாகத் தடவிய முலாம் பல தடவை சொருகி எடுத்தால் தேய்ந்துவிடும். அடியில் இருக்கும் உலோகம் உப்புக்குக் கிடைத்துவிடும். சொருகிவிட்டு ஆட்டாமல் வைத்தால் பலன் உண்டு. வெள்ளி முலாம் பிளக் உப்பனாற்றுக் கழிமுகப் பக்கத்து வீடுகளுக்கு வேண்டவே வேண்டாம். சேற்றிலிருந்து எழும் கந்தக வாடை கொலுசைக் கறுக்கவைக்கிறது அல்லவா, பிளக்கையும் விடாது.

ரெக்கார்டு பிளேயர் பக்கம்தான் பழைய கேபிளுக்கும் புதிய கேபிளுக்கும் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. இங்கே விஷயம் தடை அல்ல, கெப்பாசிட்டன்ஸ்: கேபிள் தனக்குள் மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு, பிகோஃபாரட்டில் அளப்பது. ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்குள் நூலைவிட மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் என்ற கார்ட்ரிட்ஜ் என்றால் அந்தச் சுருளின் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) 700 மில்லி ஹென்றி. அதோடு கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒத்திசைந்து அங்கே ஒரு மேடு எழும்பும், அதற்கு மேல் சரிவு. தயாரிப்பாளர் கேட்பது மொத்தம் 150 முதல் 300 பிகோஃபாரட். பழைய ஒல்லி ஷீல்டு ஒயர் மீட்டருக்கு 200 பிகோஃபாரட் என்று வைத்தால், ஒன்றரை மீட்டருக்கு 300, ஆம்ப்பின் உள்ளீடு 150, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன்ஆர்ம் கையின் ஒயர் 30, ஆக 480. மேடு 8.7 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்காரும். ஜாலரா கூர்மையாகக் குத்தும், அதற்கு மேலே உள்ள காற்றோட்டம் காணாமல் போகும். மீட்டருக்கு 70 பிகோஃபாரட் உள்ள பாலிஎத்திலீன் கேபிள் 80 செ.மீ. போட்டால் மொத்தம் 236; மேடு 12.4 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும். இது காதால் கேட்கக்கூடிய மாற்றம், விசேஷச் செம்பு எதுவும் தேவையில்லை. நுரைத்த பாலிஎத்திலீனும் டெஃப்லானும் பரவலானது கேபிள் கலையில் நடந்த நிஜ முன்னேற்றம். கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 மீட்டருக்கு 53 தான், ஆனால் உள்ளே பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு, பின்னல் அலுமினியம், சால்டர் பிடிக்காது. செம்புப் பின்னல் உள்ள 75 ஓம் ஆர்ஜி-59 எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய டேப் ரெக்கார்டர் ஐந்து முள் டின் (DIN) வகைச் சாக்கெட்டில் பேசுவதாக இருந்தால் அங்கேயும் இதே கதை. 47 கிலோ ஓம் உள்ளீட்டுக்கு 400 பிகோஃபாரட் கேபிள் போட்டால் 8.5 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் இறங்கிவிடும். பதிவு மந்தமாக இருந்தால் ஹெட்டைத் திட்டுவதற்கு முன் கேபிளைச் சுருக்குங்கள். முள் கணக்கு: 2 எர்த், ரெக்கார்டரிலிருந்து வெளியே வருவது 3 இடது, 5 வலது, உள்ளே போவது 1 இடது, 4 வலது.

சிடி பிளேயர், போன், டிஏசி (டிஜிட்டலை ஒலி அலையாக்கும் பெட்டி) போன்றவற்றிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் ஒயருக்கு இந்தக் கவலை இல்லை. 1 கிலோ ஓம் வெளியீட்டுக்கு 400 பிகோஃபாரட் என்றாலும் எல்லை 398 கிலோஹெர்ட்ஸ். வௌவாலுக்கும் அது எட்டாது. டிஜிட்டல் கோஆக்சியலுக்குப் பழைய விசிடி பிளேயரோடு வந்த மஞ்சள் வீடியோ கேபிள், 75 ஓம், அதுவே சரியானது. எச்டிஎம்ஐயில் மட்டும் வயது பார்க்கவேண்டும்: டிவியிலிருந்து இஏஆர்சி (எச்டிஎம்ஐ வழியே டிவியின் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாகச் சத்தம் எடுப்பதானால் ஈதர்நெட் இணை உள்ள வகை வேண்டும், பழைய கேபிள் பலவற்றில் அது இல்லை.

விலை உயர்ந்த பின்னல் கேபிள் சிலவற்றால் கெடுதலும் வரலாம். இழைகளை நெருக்கிப் பின்னுவதால் இண்டக்டன்ஸ் குறைந்து கெப்பாசிட்டன்ஸ் எகிறும். வெளியீட்டில் காயில் இல்லாத பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் அதைத் தாங்காமல் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானாக அதிரத் தொடங்கும். பாட்டே ஓடாதபோது ஹீட்சிங்க் சுடும், பிறகு அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். உங்கள் ஆம்ப்பும் அந்த வயதுதான். சாதாரண இருகம்பி ஒயர் அதற்குப் பத்திரம்.

"ம்ம்" என்ற ஹம் கேட்டால் பவர் கேபிளை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. டிவி செட்டாப் பாக்ஸ் ஒரு எர்த்திலும் ஆம்ப் இன்னொரு எர்த்திலும் நிற்பதே வழக்கமான காரணம். எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுத்த ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். போகாவிட்டால் செட்டாப் பாக்ஸின் ஆடியோ ஒயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். எர்த் முள்ளை வெட்டுவது மட்டும் கூடாது.

வாங்குவதற்கு முன் இப்போதுள்ள ஒயரை அளந்துவிடலாம். மல்டிமீட்டரின் ஓம் அளவை அரை ஓமுக்குக் கீழே நம்ப முடியாது. ஒயரை இரு பக்கமும் கழற்றி, ஸ்பீக்கர் முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கி இணையுங்கள். இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரி, 21 வாட் பிரேக் லைட் பல்பு, ஒயர், மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை, எல்லாம் ஒரே வரிசையில். பல்பு இல்லாமல் ஒயரை பேட்டரியில் வைக்கவே கூடாது. ஆம்பியரைக் குறித்துக்கொண்டு மீட்டரை எடுத்து இணைப்பை மூடுங்கள். பிறகு மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி ஒயரின் இரு தொடக்க முனைக்கு நடுவே பாருங்கள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். நல்ல நிலையில் உள்ள உங்கள் 23/76-க்கு 0.5 அருகே வரவேண்டும். 0.8, 1 என்று காட்டினாலோ ஒயரை அசைக்கும்போது எண் ஆடினாலோ நடுவே எங்கோ பழைய ஒட்டு ஒன்று இன்சுலேஷன் டேப்புக்குள் களிம்பேறிக் கிடக்கிறது.

கடைக்காரர் கேபிளைச் சோதனைக்கு வீட்டுக்குக் கொடுப்பதாகச் சொன்னால் வாங்குங்கள். 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் இரண்டு ஒயருக்கும் வோல்டேஜை ஒரு விழுக்காட்டுக்குள் சமப்படுத்துங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது "தரம்" என்று நினைத்துக்கொள்ளும். வீட்டில் ஒருவர் நாணயம் சுண்டி, பூவா தலையா பார்த்து, நீங்கள் பார்க்காமல் ஒயரை மாற்றட்டும். 16 தடவை. 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் அது குருட்டாம்போக்கில் வர 4 விழுக்காட்டுக்கும் குறைந்த வாய்ப்பே உண்டு. அப்போது அந்தக் கேபிளைப் பற்றி மேலே பேசலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது தரையோர ஒயர் நீரில் கிடந்திருந்தால், வெளியே காய்ந்திருந்தாலும் முனையிலிருந்து ஒவ்வொரு சாணாக வெட்டிப் பாருங்கள். பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டவேண்டும். மூன்று சாணிலும் தெரியாவிட்டால் அந்த ஒயரைப் பழைய இரும்புக்காரரிடம் செம்பு விலைக்குப் போட்டுவிடலாம்.